சாட்சியில்லாத ஓட்டம்

ஓடுதல் என்னும் வினைக்குத் தமிழில் பொருள் பல. ஆறு ஓடுகின்றது, காலம் ஓடுகின்றது, கடை நன்றாக ஓடுகின்றது என்கிறோம், எண்ணம் எங்கோ ஓடுகின்றது என்கிறோம். இவற்றுள் எதனைச் சொல்லும்போதும் ‘யாரோடு போட்டியிட்டு?’ என்று எவரும் கேட்பதில்லை. மனிதன் ஓடினான் என்றால் மட்டும் அவ்வினா உடனே எழுகின்றது. யாரோடு ஓடினான், எத்தனையாவதாக வந்தான், என்ன பரிசு பெற்றான் என்னும் மூன்று வினாக்களுக்குள் ஓட்டத்தின் பொருளை நாம் சுருக்கிவிட்டோம். கல்லூரி விளையாட்டு விழாவில் ஒரு வகுப்பிலிருந்து நால்வர் ஓடுவதும் ஏனையோர் கைதட்டிவிட்டுக் கலைந்து செல்வதும் இச்சுருக்கத்தின் விளைவே ஆகும்.

இச்சுருக்கத்தை உடைக்கும் வழி ஒன்று அண்மைக்காலத்தில் ஓட்டக் கழகங்களிடையே தோன்றியுள்ளது. தனியோட்ட அறைகூவல் என்று அதனைக் குறிக்கலாம். பாடாலூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் அனுப்பிவைக்கும் மாணவ மாணவியர் பயிலும் நம் கல்லூரிகள் அதனை ஏற்க வேண்டும் என்பதும், ஏற்கும்போது பரிசையும் சான்றிதழையும் அதனின்று அறவே நீக்கிவிட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தனியோட்டம் என்பது யாது?

சென்னையில் 2006ஆம் ஆண்டு ‘சென்னை ரன்னர்ஸ்’ என்னும் ஓட்டக் கழகம் தொடங்கப்பெற்றது. அதன்பின் தமிழகத்தின் பல நகரங்களில் விடியற்காலையில் கூடி ஓடும் குழுக்கள் பெருகின. 2004ஆம் ஆண்டு சாலை விபத்தொன்றில் கடுமையாகக் காயமுற்ற மா. சுப்பிரமணியன் அவர்கள் பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்ததும், 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானதும் யாவரும் அறிந்த செய்தி. 2023 நவம்பர் 4ஆம் நாள் தமிழகத்தின் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதைகள் தொடங்கிவைக்கப்பட்டன. ஆகவே ஓட்டமும் நடையும் இன்று பெருநகரத்தார்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கல்ல.

இக்கழகங்கள் தம் உறுப்பினரை ஆண்டில் ஒரு நாள் நிகழும் மராத்தானுக்கு மட்டும் ஆயத்தப்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, ‘இதனை அவரவர் தனியே, தத்தம் ஊரில், தத்தம் வேளையில் செய்து முடியுங்கள்’ என்று அறைகூவல் விடுக்கின்றன. நூறு நாள் இடைவிடாது ஓடுதல் ஒன்று. மாதத்தின் முதல் நாள் 1 கி.மீ., இரண்டாம் நாள் 2 கி.மீ. என நாட்காட்டியைப் பின்பற்றுதல் மற்றொன்று. தன் ஊரின் தெருக்களில் ஒன்றுவிடாது ஓடித் தீர்த்தல் வேறொன்று. அமெரிக்க ஓட்டவீரர் ரிக்கி கேட்ஸ் 2018ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரின் எல்லாத் தெருக்களிலும் ஓடி முடித்தார். அவரோடு போட்டியிட்டவர் எவருமிலர்; அந்நகரின் தெருக்களே அவருக்குப் போட்டி.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இம்முறைக்குப் புதுவலிமை தந்தது. கூட்டம் கூடுதல் தடைசெய்யப்பட்ட அவ்வாண்டின் அக்டோபர் 4ஆம் நாள், இலண்டன் மராத்தானைப் பொதுமக்கள் அவரவர் ஊரிலிருந்தே தனித்தனியே ஓடினர். 37,000க்கும் மேற்பட்டோர் 42.195 கி.மீ. தொலைவை ஒரே நாளில் நிறைவு செய்தனர். முடிவெல்லை நாடாவும் இல்லை. இருமருங்கும் நின்று வாழ்த்தும் கூட்டமும் இல்லை. ஆயினும் ஓடினர்.

மராத்தான் என்னும் சொல்லின் வேரே ஒரு தனியோட்டத்தில்தான் இருக்கின்றது. கி.மு. 490இல் போர்ச்செய்தியைச் சுமந்து ஓடியதாகக் கிரேக்கர் போற்றும் தூதன் தனியனாகவே ஓடினான். நம் நாட்டில் தபால்பையைத் தோளிலிட்டு, ஈட்டியும் சலங்கையும் ஏந்திக் காட்டுவழியே ஓடிய அஞ்சற்காரனும் தனியனே. ஓட்டம் முதலில் தனிமனிதனின் கடமையாக இருந்தது. பின்னரே கூட்டத்தின் காட்சியாக மாறிற்று.

கூட்டத்தின் நடுவே பொய்

இங்கு ஓர் ஐயம் எழும். ‘பார்ப்பவர் இல்லாத இடத்தில் ஒருவன் ஓடினானா, வீட்டில் உறங்கினானா என்பதை யார் அறிவார்? பொய்க்கன்றோ இது வழிவகுக்கும்?’ என்று ஆசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆயின் இதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பார்ப்பவர் இருக்கும் இடத்தில் பொய் நிகழவில்லையா?

1980 ஏப்ரல் 21ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் ரோசி ரூயிஸ் என்னும் பெண்மணி முதலாவதாக வந்து மலர்முடி சூடினார். நடுவர்கள் இருந்தனர், செய்தியாளர் இருந்தனர், வழிநெடுகிலும் மக்கள் வெள்ளம் இருந்தது. ஆனால் அவர் முழுத் தொலைவையும் ஓடவில்லை, முடிவெல்லைக்கு அருகே கூட்டத்திலிருந்து உள்ளே புகுந்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. சில நாட்களில் பட்டம் பறிக்கப்பட்டு, உண்மையில் வென்ற கனடா நாட்டு ஜாக்குலின் கரோவுக்கு வழங்கப்பட்டது. பட்டம் கிடைத்தது, ஆனால் ஓடிக் களைத்த கணத்தில், மக்கள் ஆரவாரத்தின் நடுவே அதனைப் பெறும் மகிழ்ச்சி கரோவுக்கு என்றென்றைக்கும் கிடைக்காமலே போயிற்று.

கருவிகள் காவல் நிற்கும் என்போர் உளர். கையில் கட்டும் கடிகாரமும் கைப்பேசியும் ஓடிய தொலைவைச் செயற்கைக்கோள் துணைகொண்டு பதிகின்றன. ‘ஸ்ட்ராவா’ போன்ற செயலிகள் அதனை ஊரறியக் காட்டுகின்றன. ஆனால் 2024ஆம் ஆண்டு இந்தோனேசியாவிலிருந்து வந்த செய்தி யாது? தம் பெயரில் பதிவு காட்டும்பொருட்டு, கூலி கொடுத்துப் பிறரை ஓடச் செய்வோர் அங்குத் தோன்றினர். கருவி பொய் சொல்லவில்லை. ஓடிய தொலைவும் மெய். ஓடியவன் மட்டும் வேறு! வராத நண்பனுக்காக வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுக்கும் வழக்கத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பொய்க்கு வித்திட்டது தனிமையன்று. பிறர் மெச்ச வேண்டும் என்னும் ஆசையே. எங்கே பாராட்டு உண்டோ அங்கே போலியும் உண்டு. பாராட்டே இல்லாத இடத்தில் ஒருவன் பொய் சொல்லி அடையும் ஊதியம் என்ன? தான் ஓடாததைத் தானே அறிந்திருக்க, ஓடியதாகத் தன் குறிப்பேட்டில் தானே எழுதிக்கொள்வதில் என்ன இன்பம்? அறிந்தே சொன்ன பொய்க்குச் சொன்னவன் நெஞ்சமே தண்டனை தரும் என்னும் கருத்தை ‘வாய்மை’ அதிகாரத்தில் வைத்தவர் வள்ளுவர். அந்த நெஞ்சத்தை விழிக்கச் செய்யும் பயிற்சிதான் தனியோட்டம்.

நோன்பு கற்பித்த பாடம்

நம் சமுதாயத்திற்கு இது புதிய பாடமன்று. தொழுகையைப் பிறர் காண்பர். ஸகாத்தைப் பெறுவோர் அறிவர். ஹஜ்ஜுக்குச் செல்வோரை ஊரே கூடி வழியனுப்பும். ஆனால் நோன்பு? ஸஹர் முடிந்து இஃப்தார் வரையிலான நெடும்பொழுதில், கதவைத் தாழிட்ட அறையில் ஒரு மிடறு நீர் அருந்தினால் யார் அறிவார்? சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம் அறுவடை செய்யும் கொல்லையில், கைக்கெட்டும் தொலைவில் குளிர்ந்த பானைநீர் இருக்க, அதனைத் தொடாமல் மாலைவரை நிற்கும் உழைப்பாளியைக் காவல் காப்பவர் யார்? இறைவன் அறிவான் என்னும் உறுதியும், தான் வைத்த நிய்யத்தும் அன்றி வேறு காவலில்லை. பத்து வயதுச் சிறுவனும் தன் முதல் நோன்பில் இப்பாடத்தைக் கற்றுக்கொள்கின்றான்.

ஓட்டத்தை வணக்கத்தோடு ஒப்பவைக்க நான் முயலவில்லை. வணக்கம் வேறு, உடற்பயிற்சி வேறு. வணக்கத்தில் கற்ற நேர்மை வாழ்க்கையின் பிற துறைகளுக்கும் பரவ வேண்டும் என்பதே என் விழைவு. ரமலானில் முப்பது நாள் தனிமையில் நேர்மை காத்தவன், ஷவ்வால் பிறந்தபின் தேர்வறையில் மேற்பார்வையாளர் திரும்பிய கணத்தில் பக்கத்து விடைத்தாளை நோக்குகின்றான் என்றால், பாடம் எங்கோ பாதியில் நின்றுவிட்டது என்பதே பொருள். பாதியில் நின்ற பாடத்தைத் தொடர எளிய களங்கள் பல வேண்டும். தனியோட்டம் அத்தகைய களங்களுள் ஒன்று.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் வரலாற்றையும் ஈண்டு நினைவுகூரலாம். நீரற்ற பாலை; பாலகன் இஸ்மாயீல் (அலை) தாகத்தால் துடிக்கின்றார். உதவிக்கு ஒருவருமிலர். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே அந்தத் தாய் ஏழுமுறை விரைந்தார்கள். இவ்விரு குன்றுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 450 மீட்டர். ஏழுமுறைக்கு 3 கி.மீ.க்குச் சற்று மேல். பரிசுக்காகவோ புகழுக்காகவோ அவர்கள் விரையவில்லை; அதனைப் பார்த்த மனிதக் கண்ணும் இல்லை. சாட்சியில்லாத அம்முயற்சியைத்தான் இறைவன், காலமெல்லாம் கோடிக்கணக்கானோர் பின்பற்றும் வழிபாடாக்கினான். உலகம் மறவாது போற்றும் அவ்விரைவு ஒரு பெண்ணின் தனிமையில் நிகழ்ந்தது என்பதை நம் பெரியவர்கள் அருள்கூர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மகளிர்க்கு உரிய களம்

ஏனெனில், தனியோட்டத்தால் மிகுந்த பயன் பெறக்கூடியவர்கள் நம் மாணவியரே. பந்தயத் திடலில் பலர் பார்க்க ஓடுவதற்குக் கூசுகின்ற பெண்கள் நம்மிடையே மிகுதி. குடும்பத்தாரும் இசைவதில்லை. அதனால் பள்ளிப் பருவத்தில் துள்ளித் திரிந்த பெண், பதினைந்து வயதுக்குப்பின் பேருந்து நிறுத்தத்திற்கு விரைவது தவிர வேறெங்கும் ஓடுவதேயில்லை. நாற்பது வயதில் முழங்கால் வலியும் சர்க்கரை நோயும் வந்தபின் மருத்துவர் சொல்லித்தான் நடக்கத் தொடங்குகிறார்.

இதனைச் சமயத்தின் பெயரால் எவரும் நியாயப்படுத்த இயலாது. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் நடத்தியதும், அதில் அன்னையார் முந்தியதும், பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடியபோது பெருமானார் முந்தி, முந்தைய தோல்விக்கு இது ஈடு என்னும் பொருளில் நகைமுகத்தோடு மொழிந்ததும் நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளன. பிறரை முன்னே செல்லவிட்டு, இருவர் மட்டும் ஓடிய ஓட்டம் அது.

பெண்கள் ஓடுவதை மேலைநாட்டாரும் எளிதில் ஏற்கவில்லை என்பது நம் மாணவியர் அறிய வேண்டிய வரலாறு. 1967இல் பாஸ்டன் மராத்தானில் எண் பெற்று ஓடிய கேத்ரின் சுவிட்சரை, ஓட்ட நிர்வாகி ஒருவர் நடுவழியில் பிடித்திழுத்து வெளியேற்ற முயன்றார். ஒலிம்பிக்கில் மகளிர் மராத்தான் இடம்பெற்றது 1984இல்தான். அதே 1984இல் மொராக்கோவின் நவால் அல் முத்தவக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் தங்கம் வென்று, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் முஸ்லிம் பெண்மணியானார். 1992இல் அல்ஜீரியாவின் ஹசீபா பூல்மெர்கா கொலை மிரட்டல்களுக்கு நடுவே 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2024இல் பாரிசில் மகளிர் மராத்தானை வென்ற நெதர்லாந்தின் சிஃபான் ஹஸன், தலைமறைவு அணிந்து பதக்கம் பெற்றார்.

நம் மாணவியர் அனைவரும் பாரிசுக்குச் செல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்லூரித் திடலை ஒரு குறித்த வேளைக்கு அவர்களுக்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சுபுஹு தொழுகைக்குப்பின் விடுதி மாணவியர்க்கு ஒரு மணிநேரம். மாலை வகுப்பு முடிந்தபின் ஊரிலிருந்து வருவோர்க்குப் பேருந்துக்கு முந்திய அரைமணி நேரம். தனியோட்டம் என்பதற்கு ஆளரவமற்ற இடத்தில் ஓடுதல் என்பது பொருளன்று. தன் கணக்கைத் தானே வைத்துக்கொண்டு ஓடுதல் என்பதே பொருள். பத்துப் பெண்கள் ஒரே திடலில், அவரவர் கணக்கை அவரவர் முடிக்கலாம். செயலிகளில் தம் வழித்தடத்தை ஊரறிய வெளியிடுதல் மட்டும் கூடாது. ஸ்ட்ராவா வெளியிட்ட ஓட்ட வரைபடத்தால் 2018இல் இராணுவ முகாம்களின் இருப்பிடங்களே வெளிப்பட்டன என்றால், தனியே செல்லும் பெண்ணின் வழியும் வேளையும் வெளிப்படுதல் எத்துணை இடர் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அவர்களுக்குக் குறிப்பேடே போதும்.

அளவறிந்து ஓடுதல்

அறைகூவல் என்னும் சொல்லிலேயே ஒரு வெறி மறைந்திருக்கின்றது. அதனைக் கட்டுப்படுத்தாவிடில் நன்மை தீமையாகும். அமெரிக்கர் டேவிட் காகின்ஸ் பரப்பிய அறைகூவல் ஒன்று, நான்கு மணிநேரத்திற்கு ஒருமுறை 4 மைல் வீதம் 48 மணிநேரம் ஓடச் சொல்கின்றது. மொத்தம் 48 மைல். ஏறத்தாழ 77 கி.மீ. இரண்டு இரவுத் தூக்கம் இதில் பறிபோகும். பயிற்சி பெற்ற வீரர்க்கு இது பொருந்தலாம். இணையத்தில் இதனைக் கண்டு மறுநாளே தொடங்கும் முதலாண்டு மாணவனுக்குப் பொருந்தாது. நாட்காட்டி ஓட்டமும் அத்தகையதே. முதல் வாரம் விளையாட்டாகத் தோன்றும். முப்பது நாளில் மொத்தம் 465 கி.மீ. ஆகிவிடும். அதனையே கிலோமீட்டருக்கு மாறாக நிமிடக் கணக்காக்கினால் 465 நிமிடம், அதாவது ஏழே முக்கால் மணிநேரம். முதல் நாள் 1 நிமிடம், முப்பதாம் நாள் 30 நிமிடம். யாரும் செய்யலாம்.

இங்கிலாந்தின் ரான் ஹில் 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகளுக்கும் மேலாக ஒருநாளும் விடாது ஓடினார். 1970ஆம் ஆண்டின் பாஸ்டன் மராத்தானை வென்றவர் அவர். ஆயினும் நாள்தோறும் ஓட வேண்டிய குறைந்த அளவாக அவர் வைத்துக்கொண்டது ஒரே ஒரு மைல்தான். விதியைச் சிறிதாக வைத்ததால்தான் வாழ்வெல்லாம் காக்க முடிந்தது. நெஞ்சில் வலி தோன்றியபோது, அத்துணை நெடிய தொடரையும் நிறுத்திவிட்டார். ஓடத் தெரிந்தவனுக்கு நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். நற்செயல் சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே சிறந்தது என்பதும், உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பதும் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்திய உண்மைகள்.

நம் மண்ணின் கருப்பொருள்கள்

அறைகூவலுக்குக் கருப்பொருளைத் தொலைதூரத்திலிருந்து கடன்வாங்க வேண்டுவதில்லை. பாடாலூரைச் சுற்றியுள்ள நிலமே ஒரு திறந்த நூல்.

ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சாத்தனூரில் கல்மரம் ஒன்று கிடக்கின்றது. 1940ஆம் ஆண்டு இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்த அது, 18 மீட்டர் நீளமுடையது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையது. ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு கி.மீ. எனப் பன்னிரண்டு நாள் ஓடுவது ‘கல்மர ஓட்டம்’. ஒவ்வொரு நாளும் ஓடி முடித்தபின், இம்மண்ணில் கடல் இருந்த காலத்தைப் பற்றி ஒரு செய்தியைத் தேடிப் படிக்க வேண்டும். பாடாலூரை அடுத்த ஊட்டத்தூரின் பெயரும் அரியலூரின் பெயரும் பாறையடுக்குகளின் பெயர்களாக உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றிருப்பதை அப்போதுதான் பலர் அறிவர்.

இரண்டாவது, ‘குறள் ஓட்டம்’. 133 அதிகாரங்களுக்கு 133 நாள்; நான்கரை மாத காலம். காலையில் ஓர் அதிகாரத்தைப் படித்துவிட்டு, அதனை அசைபோட்டபடியே கால்மணி நேரம் ஓடுதல். தேர்வுக்கு மனப்பாடம் செய்த குறள் தேர்வோடு போய்விடும். மூச்சோடு கலந்த குறள் போகாது. தமிழ்த்துறை தானே முன்னின்று நடத்தத்தக்கது இது.

மூன்றாவது, ‘ஊர்ப்பெயர் ஓட்டம்’. பாடாலூர், இரூர், நாட்டார்மங்கலம், செட்டிகுளம், ஊட்டத்தூர், சிறுவாச்சூர், லெப்பைக்குடிக்காடு எனத் தத்தம் ஊரையும் அண்டை ஊர்களையும் ஓட்டமாகவோ நடையாகவோ சென்றடைந்து, அங்குள்ள முதியவர் ஒருவரிடம் ஊர்ப்பெயர்க் காரணத்தைக் கேட்டு எழுதிவருதல். ஊர்ப்பெயர் ஆய்வு தமிழாய்வின் ஒரு கிளை என்பதை மாணவர் அறிவர். அதன் தரவு நூலகத்தில் மட்டுமன்று, திண்ணையிலும் இருக்கின்றது.

நான்காவது, ‘ஏரிக்கரை ஓட்டம்’. ஐப்பசி மழைக்குப்பின் தம் ஊர் ஏரிக்கரையில் வாரம் ஒருமுறை ஓடி, நீர்மட்டத்தையும் வந்து தங்கும் பறவைகளையும் குறித்துவைத்தல். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் காப்பகம் 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதன் உறவு ஏரிகள் நம் ஊர்தோறும் இருக்கின்றன. பார்க்கும் கண்தான் இல்லை. மண்கரை காலுக்கும் மென்மையானது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓடும் இடமன்று. பாடாலூர் வழிச் செல்லும் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் ஊர்திகள் பறக்கின்றன. அரியலூர்ப் பக்கத்துச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் செல்கின்றன. 89 வயதில் ஓடத் தொடங்கி, 2011இல் நூறு வயதினராக டொரண்டோ மராத்தானை நிறைவு செய்தவர் பஞ்சாபின் ஃபௌஜா சிங். அப்பெரியவர் 2025 ஜூலை 14ஆம் நாள், தம் ஊரருகே சாலையைக் கடக்கையில் கார் மோதி உயிர்துறந்தார். நூறாண்டு முதுமை செய்ய முடியாததை ஒரு கணத்து வேகம் செய்துவிட்டது. திடல், ஏரிக்கரை, வயல்வழி வண்டிப்பாதை ஆகியவையே நமக்குரிய தடங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். நோன்பு நாட்களில் ஓட்டத்திற்கு ஓய்வு கொடுக்கலாம்; குறைவொன்றுமில்லை.

பரிசும் மதிப்பெண்ணும் வேண்டா

‘பரிசு இல்லையேல் யார் வருவார்?’ என்பர் சிலர். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2008 முதல் நிகழ்ந்துவரும் மராத்தான், பரிசு வழங்குவதில்லை. யார் எத்தனையாவது என்று வரிசைப்படுத்துவதுமில்லை. ஓடும் மகிழ்ச்சி ஒன்றே நோக்கம் என்கிறார்கள். ஆயினும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் தேடிவந்து ஓடுகின்றனர்.

‘உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?’ என்பது மற்றொரு வினா. விடியலில் பால் கறந்து, பருத்திக் கொல்லையில் வேலை பார்த்துவிட்டுப் பேருந்தேறி வரும் மாணவனுக்கு ஓட்டம் கட்டாயமில்லை. அவனுடைய நாள் ஏற்கெனவே ஓர் அறைகூவல்தான். ஆனால் நள்ளிரவுவரை கைப்பேசியில் விழித்திருந்து முதல் வகுப்பில் உறங்கும் பிள்ளைகளும் அவனோடுதான் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு இது வேண்டும். செலவும் இல்லை, நகரத்து மராத்தான்களுக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணம் இதற்கில்லை.

ஆகவே என் கருத்து இது. பங்குபெறும் ஒவ்வொருவரிடமும் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று இருக்கட்டும். நாள், நேரம், தொலைவு ஆகியவற்றை அவரவரே எழுதட்டும். ஓடாத நாளில் ‘ஓடவில்லை’ என்று எழுதட்டும். காரணம் எழுத வேண்டுவதில்லை. அக்குறிப்பேட்டிற்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் வேண்டா, நாட்டு நலப்பணித் திட்ட மணிக்கணக்கிலும் அதனைச் சேர்க்க வேண்டா, சான்றிதழும் வேண்டா. மதிப்பெண் நுழைந்த கணமே, செய்முறைப் பதிவேடுகளைப் பார்த்தெழுதும் பழக்கம் இதற்குள்ளும் நுழைந்துவிடும். பருவ இறுதியில் விரும்பியவர் கூடியமர்ந்து தம் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்கலாம். ஆசிரியர்களும் ஓடட்டும், முடியாதவர் நடக்கட்டும், மருத்துவரைக் கலந்துகொண்டு ஜமாஅத்துப் பெரியவர்களும் நடக்கட்டும். அவர்கள் குறிப்பேட்டிலும் ‘நடக்கவில்லை’ என்னும் வரிகள் சில இருக்கும். அதனைப் பேரப்பிள்ளைகள் முன் அவர்கள் படித்துக்காட்டினால், நேர்மையைப் பற்றி நாங்கள் ஓராண்டு நடத்தும் பாடத்தைவிட அது ஆழப் பதியும்.

அன்பு மாணவச் செல்வங்களே! நூறு நாள் ஓட்டத்தில் நூறு நாளும் ஓடியவன் வலிமையுடையவன், அவனைப் போற்றுவோம். தொண்ணூற்று மூன்று நாள் ஓடி, ஏழு நாள் ‘ஓடவில்லை’ என்று தன் கையால் எழுதியவனும் தோற்றவனல்லன். அந்த ஏழு வரிகளை எழுதக் கற்றவன் நாளை அலுவலகக் கணக்கில் பொய் எழுதான். அளவைக் கோலில் பொய் செய்யான். சாட்சிக் கூண்டில் பொய் சொல்லான். நாடு நம்மிடம் எதிர்பார்ப்பது அத்தகைய கைகளையே. வருகின்ற பருவத்தின் முதல் நாளில் அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறப்போம். நம் எண்ணங்களைத் தூய்மையாக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!